பார்சல் கிடையாது

இந்த வருஷ இன்கிரிமென்ட்
மாசத்துக்கு நானூற்றைம்பது.
அதைச் சொல்கிற கடிதத்தைக் கவரில் போட்டு
ஒட்டியும் கொடுத்தார் லேப் முதலாளி.

செக்காலை ரோட்டில்
பேட்டரிக் கடைக்கு மேல் மாடி.
படியெல்லாம் ஆசிட் வாசனை.
கண்ணாடிக் கதவில் ஸ்கெட்ச் பேனா எழுத்து:
சுஷி கைச்சுருள் தொண்ணூறு ரூபாய்.
பார்சல் கிடையாது.

ரசத்தைக்கூட முடிச்சுப் போட்டுத் தருகிற
காரைக்குடியில்
இப்படி ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

ஏழே ஸ்டூல், ஒரே வரிசை.
நானும் மெகருன்னிசாவும்
ரத்தம் எடுக்கிற மேசையில்
எட்டு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில்.
முகம் பார்க்காமல் பேசப் பழகியவர்கள்.

ஆரோக்கியதாஸ் தேவகோட்டைக்காரர்.
தட்டுகள் ரயில் மாதிரிச் சுற்றிவரும்
சிங்கப்பூர்க் கடையில் பதினோரு வருஷம்
ரயிலுக்குப் பின்னால் நின்றவர்.
இங்கே ரயில் இல்லை.
ஈரக்கை மட்டும். அதில்
ஒரு பருக்கை ஒட்டவில்லை.

சோறு கறுத்திருந்தது.
"பாதி கவுனிங்க.
முழுக்க ஜப்பான் அரிசின்னா
நூத்தி எழுபதுக்கு விக்கணும்."
தேங்காயும் சீனியும் இல்லாத கவுனியை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வினிகர் மணத்தில் அதற்கே கூச்சமாக இருந்திருக்கும்.

"இது கடல்பாசி" என்று
கறுப்புத் தாளை அனலில் காட்டினார்.
எனக்குத் தெரிந்தது குழம்பில் போடும் கல்பாசி.
மெகருன்னிசாவுக்குக் கடல்பாசி என்றால்
நோன்பு மாசத்தில்
ரோஸ் நிறத்தில் வெட்டி வைப்பது.
இருவரும் தலையாட்டினோம்.

கடலைப் பொட்டலம் மாதிரிச் சுருட்டி
தட்டில் வைக்காமல்
கையிலிருந்து கைக்கு நீட்டினார்.
"உடனே சாப்பிடுங்க. நமத்துடும்."

நான் கடித்துவிட்டேன்.
அவள் கடிக்கவில்லை. தொண்டியில் பிறந்தவள்.
ஸ்லைடைப் பார்க்கிற கண்ணால்
மீனைப் பார்த்தாள்.

"சீலாவா?"
"வஞ்சிரம்."
"அதாங்க சீலா. எப்ப வந்தது?"
"காலையில."
"தடைக்காலம். வள்ளம் மட்டுந்தான்.
நேத்துக் கச்சான்ல
வள்ளமும் போகலையே."

கடையே கேட்டது.
கடை என்றால்
கோடியில் ஒரு காலேஜ் ஜோடி,
மடியில் ஹெல்மெட்டோடு ஒருவர்.

ஆரோக்கியதாஸ் கையைத் துடைத்தார்.
துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.
"எட்டு நாள் ஃப்ரீசர்ல இருந்ததுங்க.
பச்சையாத் தர்றதுன்னா அப்படித்தான் வைக்கணும்.
புழு இருந்தாச் செத்துடும்.
இன்னிக்கு வந்ததுன்னு சொல்லாட்டி
எந்திரிச்சுப் போயிடறாங்க."

"இதை முதல்லயே சொல்லுங்க.
புழுவைப் பத்தி எனக்கா தெரியாது?
தினம் காலையில முப்பது டப்பா பாக்கறேன்."

காலேஜ் ஜோடி மெல்லுவதை நிறுத்தியது.

அதற்குள் அவள் சுருள்
ரப்பராக இழுத்தது.
ஒன்றும் பேசாமல் அவர் இன்னொன்று சுருட்டினார்.
இந்தத் தடவை கைக்கும் வாய்க்கும் நடுவே
ஒரு கேள்வியும் இல்லை.
மொறுக்.
பக்கத்து ஸ்டூலில் எனக்கே கேட்டது.

பச்சைக் களிம்பு, பட்டாணி அளவு.
மிளகு போகாத பாதையில்
மூக்கு வழியாக நெற்றி வரை போய்
திரும்பிவிட்டது.
நம் காரம் மாதிரி
தங்கிப் பேசுகிற பழக்கம் இல்லை அதற்கு.

ஆளுக்கு இரண்டு. முந்நூற்றறுபது.
"நமத்ததுக்கும் சேத்துப் போடுங்க" என்றாள்.
சரியாக நானூற்றைம்பது.
தண்ணீர் பாட்டில் இருபது,
அது என் பாடு.

"பையனுக்கு ஒண்ணு" என்று அவள் ஆரம்பிக்க
அவர் கதவைக் காட்டினார்.
கதவில் எழுதியிருந்ததை.
பிறகு, என்ன நினைத்தாரோ,
ஒரு தாளை மட்டும் எடுத்து
ஜிப் கவரில் போட்டு அமுக்கி மூடினார்.
"வீட்ல சுருட்டிக்கங்க. சோறு உங்களுது."

ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவே
அதை மடங்காமல்
எக்ஸ்ரே மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.
"என்ன வச்சுச் சுருட்டுவே?"
"நேத்து மீன் ஆணம் இருக்கு. வெந்த மீன்."
கழனிவாசலில் இறங்கினாள்.

மறுநாள் எட்டரை மணி,
முதல் ஊசிக்கு முன் கேட்டேன்.
"தாளை மட்டும் தின்னுட்டான்.
அப்பளம்னு நெனச்சான்."

"கையை நீட்டுங்க" என்றாள் அடுத்து,
எதிரே உட்கார்ந்திருந்தவரிடம்.